பிப்ரவரியில் கடல் கண்ணாடி மாதிரி இருக்கும்

பிப்ரவரி என்றுதான் சொன்னார். பிப்ரவரிதான் நல்லது வடிவு, கடல் கண்ணாடி மாதிரி இருக்கும், அடியில கிடக்க கல்லு தெரியும், மீனு தெரியும், நீ புள்ளைகளுக்கு நடத்துத பவளம் அம்புட்டும் படகுல இருந்தே தெரியும் என்றார். நானும் சரி என்று சொல்லிப் போனை வைத்தேன். வைத்த பிறகுதான் அந்தப் பிப்ரவரி தொண்டையில் முள்ளாக நின்றது. வெறும் சோற்றை உருட்டி விழுங்கினாலும் இறங்காத முள். பிப்ரவரியில் பிளஸ் டூ செய்முறைத் தேர்வு. இந்தப் பள்ளிக்கூடத்தில் விலங்கியலுக்கு நான் ஒருத்திதான். பிப்ரவரியில் கோவில்பட்டியைத் தாண்டி எட்டயபுரத்துக்குக்கூட என்னால் போக முடியாது என்பது லிங்கதுரைக்குத் தெரியாதா, கட்டின புருஷனுக்கு? கல்யாணமான புதிதில் பிப்ரவரி முழுக்க நான் ஃபார்மலின் வாடையோடு வீட்டுக்கு வருவேன், அவர் வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு முதல்ல குளிச்சிட்டு வா தாயே என்று கும்பிடுவார். தெரியும். தெரிந்துதான் சொல்லியிருக்கிறார். இல்லையென்றால் மறந்துபோய்ச் சொல்லியிருக்கிறார். தெரிந்து சொன்னது மோசமா, மறந்து சொன்னது மோசமா? மணி அடித்துவிட்டது. வினாத்தாள் கட்டைப் பிரிக்கிறேன், முதல் பெஞ்சிலிருந்து நீட்டிக்கொண்டே போகிறேன், பிளஸ் ஒன் கணக்குப்பதிவியல், காலாண்டுத் தேர்வு, பிள்ளைகள் வாங்கினதும் முதலில் கண்ணில் ஒற்றிக்கொண்டு அப்புறம் படிக்கிறார்கள், சிலது படித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறது. இந்தத் தேர்வு முடிந்தால் காலாண்டு விடுமுறை. இந்த விடுமுறையில் நான் மாலத்தீவுக்குப் போவதாக இருந்தது. போவதாக இருந்தது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நேற்றுக் காலையில் அவர் போனில் வேண்டாம் என்றுவிட்டார். மகள் சுஜிதா காலையில் கோயம்புத்தூர் ஹாஸ்டலிலிருந்து கூப்பிட்டு, அம்மா இன்னிக்கு மத்தியானத்துக்குள்ள எந்த மாசம்னு சொல்லு, டிக்கெட் போடணுமா வேண்டாமான்னு சொல்லு, ஒரு முடிவுக்கு வாங்க ரெண்டு பேரும் என்று அதட்டினாள். பெற்ற பிள்ளை அதட்டுகிற அளவுக்கு வந்துவிட்டது. போன் கைப்பையில் இருக்கிறது, கைப்பை ஆசிரியர் அறையில் இருக்கிறது, தேர்வு அறைக்குள் போன் கூடாது. மத்தியானம் வரைக்கும் இந்த நாலு சுவரும் நானும் பிப்ரவரியும்.

நானாகத்தான் ஆரம்பித்தேன். அதுதான் தப்போ என்னவோ. பதினோரு வருஷமாக அவர் அங்கே இருக்கிறார், வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்குகிற ஒரு ரிசார்ட் தீவில், கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்குகிற பிளாண்டில். வருஷத்துக்கு ஒரு மாசம் வருவார், ஆனி மாசம், ஊரே புழுதிக் காற்றில் கண்ணைக் கசக்கிக்கொண்டிருக்கும்போது. ஒரு தடவைகூட நான் அங்க வரட்டுமா என்று கேட்டதில்லை. சுஜிதாவுக்குப் படிப்பு, அவர் அம்மாவுக்கு வைத்தியம், அப்புறம் அவர் அம்மா போய்ச் சேர்ந்தது, ஏதோ ஒன்று. இந்த வருஷம் சுஜிதாவைக் கோயம்புத்தூரில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து கதவைத் திறந்தேன், வீடு கம்மென்று இருந்தது, ஃபிரிட்ஜ் ஓடுகிற சத்தம் கேட்டது, அதைக் கேட்டுக்கொண்டே செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு அவர் கூப்பிட்டபோது வாயில் வந்துவிட்டது. நான் அங்க வரவா? போன் அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன். அப்புறம், வாயேன் என்றார். வாயேன். வா என்று சொல்லவில்லை. வா என்றால் வா. வந்துரு என்றால் இப்பவே கிளம்பு. வாயேன் என்றால் என்ன? வந்தால் வா, வராவிட்டாலும் ஒன்றுமில்லை. எதிர்வீட்டுக்காரி கதவடியில் நின்றுகொண்டு உள்ள வாங்களேன் என்று சொல்வாளே, சொல்லும்போதே கதவில் ஒரு கையை வைத்திருப்பாளே, அந்த மாதிரி வாயேன். அவர் கதவில் கை வைத்திருந்தாரா? இல்லை, ஆசையாகவும் சொல்லலாம், கெஞ்சியும் சொல்லலாம், சுஜிதா சின்னப் பிள்ளையில் என்னைத் திருவிழாவுக்கு இழுக்கும்போது வாயேம்மா வாயேம்மா என்றுதானே சொல்வாள். ஒரே சொல்தான். முகத்தைப் பார்த்தால் தெரிந்திருக்கும். போனில் முகம் இல்லை. வீடியோவில் கூப்பிட்டால் நெற்றியும் மேலே ஓடுகிற மின்விசிறியும்தான் தெரியும், அவருக்குப் போனைப் பிடிக்கத் தெரியாது.

டீச்சர், அடிஷனல் ஷீட். இப்போதே ஒருத்தி கேட்கிறாள், காளீஸ்வரி, நெற்றியில் விபூதி பூசி வந்திருக்கிறாள். கொடுக்கிறேன். ஸ்கேல் வைத்துக் கோடு போடுகிற சத்தம் அறை முழுக்கச் சரசரவென்று கேட்கிறது, எலி காகிதம் கடிப்பது மாதிரி. மாசங்களை நான் ஒவ்வொன்றாக அவர் முன்னால் வைத்தேன், அவர் ஒவ்வொன்றாகத் தள்ளினார். இந்தக் காலாண்டு லீவு என்றேன். இப்ப மழை, கடல் கொந்தளிப்பு, நீ தாங்க மாட்டே. அரையாண்டு லீவு, டிசம்பர் கடைசி என்றேன். ஐயோ டிசம்பர் வேண்டவே வேண்டாம். ஏன்? வேண்டாம்னா வேண்டாம், அப்புறம் சொல்லுதேன். மே மாசம் என்றேன். அப்பதான் மழை தொடங்கும். ஆக ஆசிரியைக்கு லீவு இருக்கிற மாசம் எல்லாம் கடலுக்கு ஆகாத மாசம். லீவே இல்லாத பிப்ரவரிதான் கடலுக்கு ஆன மாசம். இதை நேற்றுச் சாயங்காலம் இயற்பியல் ரெஜினாவிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன், ஒரு வேடிக்கை மாதிரிதான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டே, ஒரு ஆளை வாங்கன்னும் சொல்லணும், அந்த ஆளு வராமலும் இருக்கணும்னா அப்படித்தான் சொல்லணும் வடிவு என்றாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஏ சும்மா சொன்னேம்ப்பா என்றாள். சும்மா சொன்னதுதான் மனசை விட்டுப் போகாது. அவளுடைய சித்தி மகள் கதை எனக்குத் தெரியும், புருஷன் குவைத்தில், பதினைந்து வருஷம் ஒழுங்காகப் போன் பேசினான், ஒழுங்காகப் பெட்டி நிறையச் சாமான் கொண்டுவந்தான், அங்கே பிலிப்பைன்ஸ்காரி ஒருத்தியும் ஆண் பிள்ளை ஒன்றும். ஒழுங்காக இருப்பதே சந்தேகத்துக்கு இடமா? லிங்கதுரையும் ஒழுங்குதான். அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை. அப்படிப்பட்ட ஆள் என்று நெற்றியில் யாருக்கு எழுதியிருக்கிறது. சீ, என்ன நினைப்பு இது, பிள்ளைகள் பரீட்சை எழுதுகிற இடத்தில் நின்றுகொண்டு.

ஆனால் அந்தச் சிரிப்பு. நேற்றுப் பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில், இரு வடிவு என்று சொல்லிப் போனைக் கையால் பொத்தினார். பொத்தினாலும் கேட்கத்தானே செய்யும். யாரிடமோ அந்த ஊர்ப் பாஷையில் ஏதோ சொன்னார், நீளமாக, எங்கேயும் தடங்கல் இல்லாமல், சொல்லிவிட்டுச் சிரித்தார். அடிவயிற்றிலிருந்து வந்த சிரிப்பு. எனக்கு அந்தப் பாஷையில் ஒரு சொல் தெரியாது. பதினோரு வருஷம் ஒரு ஊரில் இருந்தால் பாஷை வரத்தான் செய்யும், அதில் என்ன இருக்கிறது. அதில்தான் இருக்கிறது. பெண்குரல் ஏதும் கேட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது, சண்டை போட்டிருப்பேன், அழுதிருப்பேன். எனக்குத் தெரியாத பாஷையில் அவருக்குச் சிரிப்பு வருகிறது என்பதை வைத்துக்கொண்டு யாரிடம் போய் அழுவது? இங்கே வரும்போது அவர் அப்படிச் சிரிப்பதில்லை. இங்கே வந்தால் முதல் வாரம் விருந்தாளி மாதிரி இருப்பார், தண்ணீர் வேண்டுமென்றால் எழுந்து எடுக்காமல் என்னைப் பார்ப்பார், எந்தச் செம்பு எங்கே இருக்கிறதென்று தெரியாததால். இரண்டாம் வாரம் வீட்டில் ரிப்பேர் பார்ப்பார், குழாய், ஸ்விட்ச், கொல்லைக் கதவு. மூன்றாம் வாரம் லேசாகச் சண்டை வரும். சண்டை வந்தால் எனக்கு நிம்மதியாக இருக்கும், புருஷன் வந்துவிட்டார் என்று தோன்றும். நாலாம் வாரம் பெட்டி கட்டணும். இரவில் சத்தமில்லாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. அங்கே ஜெனரேட்டர் பக்கத்திலேயே படுத்துப் பழக்கமாம். அதனால் மழை பெய்தாலும் மேசை ஃபேனைக் கடைசிக்கு வைத்து ஓடவிடுவார், எனக்கு அந்தச் சத்தத்தில் தூக்கம் வராது. அவர் ஊருக்குப் போன பிறகு அந்தச் சத்தம் இல்லாமல் கொஞ்ச நாளைக்கு எனக்குத் தூக்கம் வராது. இப்படி ஒரு குடித்தனம்.

சுஜிதா அனுப்பிய இணையப் பக்கத்தில் அழகாகப் போட்டிருந்தது, செல்லச் சிறந்த காலம் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை, நீலக் கடல், வெள்ளை மணல், தவிர்க்க வேண்டிய காலம் மே முதல் அக்டோபர் வரை, அதற்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கறுப்பு மேகம். அந்தக் கறுப்பு மேகத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் ஊர்க்காரர்கள் புரட்டாசி பிறந்ததிலிருந்து அப்படி ஒரு மேகத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு கழுத்து வலிக்க நிற்கிறார்கள். அதோ ஜன்னலுக்கு வெளியே விளையாட்டு மைதானம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது, ஒரு நாய் அந்த வெடிப்பில் மூக்கை நுழைத்துப் பார்க்கிறது. மழைக்காலத்தைத் தவிர்க்க வேண்டிய காலம் என்று இங்கே ஒருவரிடம் சொன்னால் மண்டையில் தட்டுவார்கள். ஆனால் இந்த மழை தரையில் பெய்கிற மழை. அது கடலில் பெய்கிற மழை. அடியிலும் தண்ணீர், மேலேயும் தண்ணீர், நடுவில் ஒரு ஸ்பீட் போட், அதில் நான். எனக்குக் கடல் ஆகாது. ஒருமுறை மண்டபத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனோம், பவளப்பாறை பார்க்க, கண்ணாடி வைத்த படகில். எல்லாரும் ஏறினார்கள். நான் ஒரு காலைப் படகில் வைத்தேன், படகு நகர்ந்தது, இன்னொரு கால் கரையில், நடுவில் தண்ணீர் வாயைத் திறந்தது. காலை எடுத்துவிட்டேன். யாராவது பையைப் பாத்துக்கிடணும்லா என்று சொல்லிக் கரையில் உட்கார்ந்துவிட்டேன். திரும்பி வந்த பிள்ளைகள், மிஸ் பவளம் அசையுது மிஸ், கை மாதிரி அசையுது என்று கத்தினார்கள். நான் வருஷா வருஷம் பவளம் நடத்துகிறவள். அது கல் இல்லை, உயிர், குட்டிக் குட்டி உயிர்கள் ஒன்றாகச் சேர்ந்து வாழ்கிற குடியிருப்பு என்று நடத்துகிறவள். ஆய்வகத்து அலமாரியில் ஒரு துண்டு இருக்கிறது, வெளுத்து, எலும்பு மாதிரி. அதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். லிங்கதுரை தினமும் உயிரோடு இருக்கிறதைப் பார்க்கிறார். ஒருவேளை அவர் சொல்வது நியாயம்தானோ. பிப்ரவரியில் போனால்தான் அது தெரியும் என்றால் பிப்ரவரிதானே நல்லது. எனக்குக் காட்டணும் என்று ஆசைப்படுகிறார். அப்படி நினைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கிறது. அப்படி நினைக்க விடாமல் ரெஜினா குறுக்கே டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டு நிற்கிறாள்.

டீச்சர். மறுபடியும் காளீஸ்வரி. டீச்சர், கையெழுத்துப் போட்டீங்கல்ல, தேதி தப்பா இருக்கு டீச்சர். விடைத்தாளைப் பார்க்கிறேன். என் கையெழுத்து, அதற்குக் கீழே தேதி, நடுவில் மாதம் இரண்டு என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன். அதற்கு முந்தின பெஞ்சு? அதிலும் இரண்டு. அந்த வரிசை முழுக்க. குனிந்து குனிந்து ஒவ்வொன்றாக அடித்துத் திருத்துகிறேன், பிள்ளைகள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்க்கிறார்கள், எழுதுங்கட்டி, என் மூஞ்சியில விடையா இருக்கு என்கிறேன், யாரோ களுக்கென்று சிரிக்கிறார்கள். எனக்குப் பைத்தியம் பிடிக்கிறதா. ஒருநாளும் இப்படி ஆனதில்லை. இந்த நிலையில் தனியாகத் திருவனந்தபுரம் போய், தனியாக விமானம் ஏறி, கேட்கிற கேள்விக்கெல்லாம் இங்கிலீஷில் பதில் சொல்லி, தனியாகப் படகில் இறங்கி. பாஸ்போர்ட் எடுத்து வைத்தாகிவிட்டது, நிர்வாகத்தில் அனுமதி வாங்கியாகிவிட்டது, வாங்கும்போது எழுத்தர், என்ன டீச்சர் ஹனிமூனா என்று கேட்டார், நாற்பத்தைந்து வயதுக்காரியை. நான் பாட்டுக்கு இருந்திருக்கலாம். ஃபிரிட்ஜ் சத்தம் கேட்டால் என்ன, கேட்டுவிட்டுப் போகட்டும். போனால் என்ன ஆகும்? அங்கே போய் இறங்குகிறேன், துறையில் அவர் நிற்கிறார், யூனிபாரம் போட்டுக்கொண்டு, அந்தப் பாஷையில் யாரிடமோ பேசிக்கொண்டு. என்னைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, விருந்தாளி முகத்தை எடுத்து மாட்டிக்கொள்கிறார். அதுதான். அதற்குத்தான் நான் பயப்படுகிறேன். பிலிப்பைன்ஸ்காரி இல்லை, ஆண் பிள்ளை இல்லை. ஒருத்தியும் இல்லாமல், வெறுமனே, அவருக்கு நான் தேவைப்படவில்லை என்று இருந்தால்? வருஷத்துக்கு ஒரு மாசம் என்கிற அளவே அவருக்குப் போதும் என்று இருந்தால்? எனக்கே அது போதும் என்று ஆகிவிட்டிருந்தால்? நான் இத்தனை மாசங்களை நீட்டினேனே, அவர் வேண்டாம் என்று சொன்ன ஒவ்வொரு தடவையும் ஒரு மூலையில் எனக்கு அப்பாடா என்று இருந்ததே, அது என்ன? படகில் இருந்து காலை எடுத்தபோது இருந்த அதே அப்பாடா.

கடைசி மணி. காகிதங்களை வாங்குகிறேன், அடுக்குகிறேன், நூல் கட்டாத பிள்ளைகளை விரட்டுகிறேன். காளீஸ்வரி, தேங்க்யூ டீச்சர் என்று சொல்லிவிட்டு ஓடுகிறாள். ஆசிரியர் அறையில் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தாயிற்று. கைப்பையிலிருந்து போனை எடுத்தால் சுஜிதாவிடமிருந்து மூன்று கேள்விக்குறி மட்டும் வந்திருக்கிறது. பகலில் நான் அவரைக் கூப்பிட்டதே இல்லை. வேலை நேரம், கூப்பிடக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை, நானாக வைத்துக்கொண்ட சட்டம். வராந்தாவுக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டி ஓரமாக நின்றுகொண்டு கூப்பிட்டேன். உடனே எடுத்துவிட்டார்.

"என்ன வடிவு? சுஜிக்கு என்னமும் ஒண்ணா?"

"சுஜிக்கு ஒண்ணுமில்ல."

"உனக்கு?"

"எனக்கும் ஒண்ணுமில்ல. ஒண்ணு கேக்கணும்."

"பயமுறுத்திட்டியே தாயே. கேளு." பின்னால் மிஷின் ஓடும் சத்தம், அதற்கும் பின்னால் சோவென்று வேறு ஒரு சத்தம். மழையாக இருக்கணும்.

"பிப்ரவரியில எனக்கு லீவு கிடையாதுன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

நான் தொட்டியின் குழாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"தெரியும்" என்றார்.

"தெரிஞ்சுமா சொன்னீங்க?"

"வேற எதைச் சொல்ல? நல்லா இருக்கது அப்பதான். ஒரு நாலு நாள் லீவு நீ கேட்டுப் பாப்பேன்னு நெனைச்சேன்."

"நான் வர வேண்டாம்னு நெனைக்கீங்களா? நெனைச்சா சொல்லிருங்க. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

"எவ சொன்னா உனக்கு?"

"யாரும் சொல்லல. எல்லா மாசத்தையும் வேண்டாம் வேண்டாம்னா நான் என்னன்னு எடுத்துக்கிட? டிசம்பர்ல நல்லா இருக்கும்னுதான் ஊரே சொல்லுது. அதையும் வேண்டாம்னுட்டீங்க."

"டிசம்பர்ல இங்க குளிக்க நேரம் இருக்காது வடிவு. தீவு நெறைஞ்சு வழியும். ஒவ்வொருத்தனும் நாளெல்லாம் தண்ணியத் தலையில ஊத்திக்கிட்டே இருப்பான். நான் பிளாண்ட விட்டு நகர முடியாது. இங்க ரூம் கிடைக்காது, நீ பக்கத்துல சனங்க குடியிருக்க தீவுல தனியா ரூம் எடுத்துத் தங்கணும். சாமான் ஏத்துத போட்டுல நான் வந்து ஒரு எட்டு பாத்துட்டு, அதே போட்டுல ஓடணும். வந்தவளைத் தனியாப் போட்டுட்டு அப்படி ஓடவா?"

"பிப்ரவரியில?"

"பிப்ரவரியும் அதே கதைதான். ஆனா கடலாவது நல்லா இருக்கும்லா. நான் இல்லாட்டாலும் நீ பாட்டுக்கு உக்காந்து அதைப் பாத்துக்கிட்டு இருப்பே."

"இப்ப வந்தா?" என்றேன்.

"இப்ப என்னத்துக்கு? அதான் நேத்தே சொன்னேன்லா."

"சொல்லுங்க. இப்ப வந்தா என்ன?"

"இப்ப மழை, காத்து. நேத்து போட்டையே நிறுத்திட்டான். பாதி ரூம் பூட்டிக் கிடக்கு. சமையக்காரர் வீட்டுக்காரம்மா கொச்சியில இருந்து வந்திருக்கு, அதுக்கு ஒரு ரூம் குடுத்திருக்கான். கேட்டா நமக்கும் குடுப்பான். எனக்கும் வேலை கம்மி. ஆனா நீ வந்து என்ன பாக்கப்போறே? தண்ணி கலங்கிக் கிடக்கும். மீனும் தெரியாது, பவளமும் தெரியாது. ஜன்னலத் தொறந்தா சாரல் அடிக்கும். பாக்கதுக்கு நான் மட்டும்தான் இருப்பேன்."

வராந்தாவில் பிள்ளைகள் விடையை ஒப்பிட்டுக்கொண்டு போனார்கள். பேலன்ஸ் ஆகலைட்டி எனக்கு, உனக்கு ஆச்சா என்று ஒருத்தி அழுகிற குரலில் கேட்டுக்கொண்டே போனாள்.

"கேக்கியா?"

"கேக்கேன்."

"எம்புட்டு வருஷம் கழிச்சு வாரே. அழகா இருக்கும்போது வரட்டுமேன்னு நெனைச்சேன். நானும் போன்ல நீலமா இருக்கும் நீலமா இருக்கும்னே சொல்லிச் சொல்லி வச்சிருக்கேன். வந்து பாத்தா சேறு மாதிரி கிடந்தா என்னமோ நான் பொய் சொன்ன மாதிரில்லா ஆயிரும்."

அப்போதுதான் எனக்கு ஆனி மாசம் நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு வருஷமும் ஏன் ஆனியில் வருகிறார் என்று நான் கேட்டதே இல்லை, சுஜிதாவுக்குப் பள்ளிக்கூடம் திறக்கிற சமயம், அதற்காக வருகிறார் என்று நானே ஒரு காரணம் வைத்துக்கொண்டிருந்தேன். அங்கே மழை கொட்டுகிற மாசம் அது. யாரும் வராத மாசம். யாருக்கும் வேண்டாத மாசத்தைத்தான் அவருக்குக் கொடுத்திருக்கிறார்கள், அதை வாங்கி அப்படியே என்னிடம் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். அந்த மாசத்தில்தான் நாங்கள் சண்டை போட்டிருக்கிறோம், சினிமாவுக்குப் போயிருக்கிறோம், அவர் அம்மா காரியத்தைச் செய்திருக்கிறோம். நல்ல பருவம் என்று ஒன்று எங்களுக்கு இருந்ததே இல்லை. நேற்று யாரிடம் சிரித்தீர்கள் என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. போய்ப் பார்த்துக்கொள்ளலாம் அந்த ஆள் யார் என்று.

"லீவு விட்டதும் வாரேன்" என்றேன்.

"எப்போ?"

"இந்த லீவுதான். அடுத்த வாரம்."

"மழையிலயா?"

"மழையிலதான்."

"வடிவு, போட்டுல வாந்தி எடுப்பே. நான் சும்மா சொல்லல, இந்தக் காத்துல பழகினவனே எடுக்கான்."

"எடுத்தா எடுத்துட்டுப் போறேன். எலுமிச்சம்பழம் கொண்டுவாரேன்."

அவர் சிரித்தார். அடிவயிற்றுச் சிரிப்பா என்று தெரியவில்லை, மழைச் சத்தம் கலந்திருந்தது. "பிளேன் வந்து இறங்குத மாலேக்கே நான் வந்துருதேன். அங்க இருந்து தனியாப் போட்டுல வரவேண்டாம்" என்றார். அப்புறம் யாரோ கூப்பிட, "இந்தா வாரேன்" என்று தமிழிலேயே அவனுக்குப் பதில் சொல்லிவிட்டு, அதை உணர்ந்து திரும்ப அந்தப் பாஷையில் சொன்னார். போனை வைத்துவிட்டார்.

சுஜிதாவைக் கூப்பிட்டேன். "போடு" என்றேன்.

"எப்பம்மா? பிப்ரவரிக்கா?"

"அடுத்த வாரத்துக்கு."

"அம்மா, இப்பப் போகக் கூடாதுன்னு தெளிவாப் போட்டிருக்கும்மா. நீ படிச்சியா இல்லியா?"

"படிச்சேன். போடு."

சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன், காலையில் கட்டின தயிர்ச்சோறு, சாப்பிட முடியவில்லை. பயம் போகவில்லை, எங்கே போகும், புதிது புதிதாகத்தான் முளைத்தது. விமானத்தில் காது அடைக்குமாமே. மாலேயில் அவருடைய படகு நேரத்துக்கு வராவிட்டால் அந்த ஊரில் நான் எங்கே நிற்பது? படகில் ஏறும்போது முதலில் எந்தக் காலை வைக்கணும்? சேலையா, சுடிதாரா, சுடிதார்தான், சுஜிதாவின் சுடிதார் இரண்டு எனக்குச் சரியாக இருக்கும். அவருக்கு என்ன கொண்டுபோவது, சேவும் கருப்பட்டி மிட்டாயும் மழையில் நமத்துப் போகாதா? அங்கே மழை பிடித்தால் விடாதாம், நாள் கணக்கில் அடிக்குமாம், வெளியே கால் வைக்க முடியாதாம். அப்படியானால் அறைக்குள்ளேயேதான் இருக்கணும். செய்ய ரிப்பேர் வேலை இருக்காது அவருக்கு. திருத்த விடைத்தாள் இருக்காது எனக்கு. கதவைச் சாத்திக்கொண்டு நாளெல்லாம் இரண்டு பேரும் எதிர் எதிரே உட்கார்ந்து என்ன பேசுவோம், பேச்சு தீர்ந்துவிட்டால் என்ன செய்வோம்?

"ஏ வடிவு" என்று ரெஜினா மேசையைத் தாண்டி வந்து என் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். "என்ன, மூஞ்சியெல்லாம் இப்படிச் செவந்து கிடக்கு? காய்ச்சலா?"

"இல்லப்பா" என்று தலையைக் குனிந்துகொண்டு தயிர்ச்சோற்றைப் பிசையத் தொடங்கினேன்.